எலிக்காக ஓடிய கார்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் அப்போதெல்லாம் பாதி வீட்டு வாசலில் கார் நிற்கும், ஓட்டத்தான் ஆள் இருக்காது. ஓட்ட வேண்டியவர்கள் குவைத்திலும் துபாயிலும் இருந்தார்கள். ஒரு மாத லீவுக்காக மற்ற மாதமெல்லாம் உறை போர்த்திக்கொண்டு நிற்பதுதான் எங்கள் ஊர்க் கார்களின் பிழைப்பு. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவும் ஒரு லீவில் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஓட்டிக் காட்டிவிட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அம்மா அதை பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மக்காச்சோள அறுப்பு முடிந்ததும் வயலில் குடியிருந்த எலிகள் ஊருக்குள் வீடு தேடி வந்தன. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, பெரம்பலூரில் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிப்பவர். ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்தவர் சும்மா இருக்காமல் காரின் பேனட்டைத் தூக்கினார். உள்ளே ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது! தேங்காய் நார், பேனட்டில் ஒட்டியிருந்த பஞ்சு, காணாமல்போன என் துப்பட்டாவின் ஓரம் எல்லாம் சேர்த்துப் பேட்டரிக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு கூடு. பெரிய எலி ஒன்று மாமாவின் கைமேல் ஏறிக் குதித்து ஓடியது. நான் கத்தினேன். மாமா என்னைவிட அதிகமாகக் கத்தினார்.

"ஒயரக் கடிச்சு வச்சிருக்குக்கா. இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா வண்டி அவ்ளோதான்" என்றார் மூச்சு வாங்க. புகையிலையைத் துணியில் முடிந்து இன்ஜினுக்குள் தொங்கவிட்டார். "இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். தெனமும் வண்டியக் கெளப்பி வைக்கணும். சும்மா கெடந்தா அது குடும்பம் நடத்தத்தான் செய்யும்."

அம்மாவே வண்டியைக் கிளப்புவதற்கு அத்தா போனில் உடனே சரி என்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியத்தாவிடம்தான் சிக்கல். அத்தாவின் அண்ணன், அத்தா ஊரில் இல்லாதபோது எங்கள் வீட்டுக்கும் அவர் சொல்தான் சட்டம். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததில்லை. தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எலிக்காகத்தான? சரி. எலி போனதும் சாவி பீரோவுக்குப் போயிடணும்."

முதல் நாள் அம்மா சாவியைத் திருகியபோது கார் உறுமியதில் தெருக் கோழியெல்லாம் பறந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடினால் போதாது, டயரும் உருள வேண்டும் என்று மாமா அடுத்த சட்டம் போட்டார். பெரியத்தாவால் மறுக்க முடியவில்லை, டயர் விஷயம் அவருக்குத் தெரியாது. எல்.எல்.ஆர். வாங்கி, கண்ணாடியில் சிவப்பு எழுத்து ஒட்டி, லோடு இல்லாத நாட்களில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மாமா பக்கத்தில் உட்கார, கார் வெள்ளாற்றோரம் போக ஆரம்பித்தது. "கிளச்ச மெதுவா வுடுக்கா, மெதுவா!" என்று மாமா அலற, வண்டி விக்கல் எடுத்த மாதிரி குலுங்கும். பின்சீட்டில் எனக்குத் தலை இடிக்கும். ஆனால் ஒரு நாள்கூட நான் போகாமல் இருந்ததில்லை.

லைசென்ஸ் வந்தபின் மாமாவும் தேவைப்படவில்லை. அகரம்சீகூர் வரை போனோம். பிறகு அரியலூர் சாலை. ஒரு நாள் சிமெண்ட் லாரி ஒன்று எங்கள் முன்னால் புழுதியைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. அம்மா ஹாரனை அழுத்தி, பல்லைக் கடித்து, அதைத் தாண்டினாள்! நான் பின்சீட்டில் எழுந்து நின்று கூத்தாடினேன். லாரிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவு நடந்தும் எனக்கு எலிகள் மேலிருந்த ஆத்திரம் தீரவில்லை. முழு வெற்றி வேண்டும் என்று பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பூனையைத் தூக்கி வந்தேன். வந்த நாளிலிருந்தே அது சூடான பேனட்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. எலி வாடையே அற்றுப்போனது. பெருமை தாங்காமல் அத்தாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்: "அத்தா, ஒரு எலிகூட இல்ல!" சுவருக்கு அந்தப் பக்கம் பெரியத்தா காதிலும் அது விழுந்தது.

அன்று மாலையே சாவி பீரோவுக்குப் போயிற்று. போரில் ஜெயித்துக் கொடுத்தவளுக்கு அம்மா ஒரு மிட்டாய்கூடத் தரவில்லை. குழம்பில் உப்பு இல்லை. அஸர் முடிந்ததும் வாசலுக்கு வந்து காரைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "இங்க வந்து பாருடி, மறுபடியும் வந்துடுச்சு!"

ஓடினேன். பேனட்டுக்குள்ளே பேட்டரிக்குப் பக்கத்தில் கூடு! முன்பைவிட அழகாக, தட்டில் வைத்த இடியாப்பம் போல வட்டமாக இருந்தது. நடுவில் வேர்க்கடலைத் தோல். எடுத்து முகர்ந்தேன், உப்புப் போட்டு வறுத்த கடலை. கடைக்குப் போய் வாங்கித் தின்கிற அளவுக்கு எலிகள் முன்னேறிவிட்டனவே என்று மலைத்துப்போய், நானே ஓடிப் பெரியத்தாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கூட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொல்லாத எலியாத்தான் இருக்கு" என்றார். "சரி, வண்டிய எடுக்கச் சொல்லு."

அன்று மாலை அரியலூர் வரைக்கும் போய் வந்தோம். அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். எனக்குப் பூனைமேல்தான் கோபம் கோபமாக வந்தது. காவலுக்கு வைத்தால் தூங்கிவிட்டு எலியை உள்ளே விட்டுவிட்டதே என்று திட்டி, அதன் பால் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டேன். அம்மா கிண்ணத்தை நிமிர்த்திக் கழுவி, அன்று பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அதற்கு வைத்தாள். தலையை வேறு தடவிக் கொடுத்தாள். கடமை தவறிய பூனைக்கு அவ்வளவு பெரிய மீன் துண்டு எதற்கு என்று நான் வெகுநாள் பொருமிக்கொண்டிருந்தேன்.