மாமி கட்டிய வரி

ஒரு காலில் செருப்பு, மற்றச் செருப்பு கையில், கைப்பை மடியில். ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் அப்படி நிமிர்ந்து இருந்த மாமிதான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறார். வலது கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்ததால் அந்தச் செருப்பு நுழையவில்லை. முந்தின நாள் மாலையில் ஆளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. "பில்லைக் கொண்டரச் சொல்லு பிள்ளை, கட்டிப்போட்டுப் போவம்" என்றார். இங்கே பில் என்று ஒன்று கிடையாது என்று தாதி சொன்னதும் மாமியின் முகம் இறுகிவிட்டது. காசு வாங்காத இடத்தில் தான் கிடக்கப் போவதில்லை என்று சொல்லி எழும்பப் பார்த்தார்.

மாமி என் கணவரின் தாயார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அங்கேயே கட்டி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றவர். மாமா கடலுக்குப் போவார், மாமி கருவாடு போடுவார். போரின் கடைசி மாதங்களில் மாமா எறிகணைச் செல் பட்டு இறந்துபோனார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போன மாமி, அங்கே சோற்றுக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை, சவர்க்காரத்துக்கு ஒரு வரிசை என்று நின்றே நாட்களைக் கழித்தார். கையை நீட்டும்போது தருகிறவரின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஊருக்குத் திரும்பிய அன்று, கூரை இல்லாமல் நின்ற மாதா கோயிலுக்குள் போய், இனிச் சும்மா தருகிற ஒன்றுக்கும் வரிசையில் நிற்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாராம். சொன்னபடியே இருந்தார். காய்ச்சல், தலையிடி எதுவென்றாலும் காசு கொடுத்துத்தான் காட்டுவார். கருவாடு விற்ற காசில் பாதி அப்படிப் போனது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனது அவருக்குப் பிடிக்கவே இல்லை. "சும்மா குடுக்கிற மருந்தில என்ன சத்துக் கிடக்கும்?" என்று மூக்கைச் சுளித்தார். நானோ முரசுமோட்டை வயற்காரர் வீட்டுப் பெண், சைவம், மீன் வெட்டத் தெரியாதவள், போதாக்குறைக்கு வாய்க்காரி. "சத்து வேணுமெண்டால் முருங்கையிலை தின்னுறன் மாமி" என்றேன். அந்தக் கிழமை முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

கலியாணம் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் மாமி முதன்முதலாக எங்கள் அப்பா வீட்டுக்கு வந்தார். அறுவடை நேரம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, இருட்டத் தொடங்கும் மம்மல் பொழுதில் வரம்பில் நடந்தார். பின்னால் வந்த அப்பாதான் மாமியைக் கடித்துவிட்டு வைக்கோலுக்குள் நுழைந்த முத்திரைப்புடையன் பாம்பைக் கண்டார். மாமிக்கு முதலில் முள் குத்தியது போலத்தான் இருந்ததாம். ஓட்டோவில் ஏற்றி ஓட்டத் தொடங்கியபோதே பல் முரசில் இரத்தம் கசிந்தது. அந்த நிலையிலும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பிறைவேற் ஆஸ்பத்திரிக்கு விடு தம்பி, என்னட்டைக் காசு கிடக்கு" என்றார். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அம்மா, இந்த மருந்தைக் காசுக்கு விக்கிற இடம் இஞ்ச ஒண்டும் இல்லை. கவுண்மேந்து ஆஸ்பத்திரியிலதான் இருக்கு." மாமி கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடத் தொடங்கினார்.

அங்கே எங்களைக் கேட்ட கேள்வி, எப்போது கடித்தது, என்ன பாம்பு என்பது மட்டும்தான். நீங்கள் ஆர், எந்த ஊர், என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். உறைய வேண்டிய இரத்தம் தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். அது ஒத்துக்கொள்ளாமல் மாமி நடுங்கியபோது ஓர் இளம் பெண் டொக்டர் கட்டிலை விட்டு அசையாமல் நின்று, நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மீண்டும் ஏற்றினார். நான் சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டொக்டரின் பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்தால் என் கை தானாகக் கும்பிடுகிறது.

அதே டொக்டர்தான் மறுநாள் காலையில், மாமி செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என்னை வெளியே கூப்பிட்டார். "நஞ்சு சிறுநீரகத்தில அடிச்சிருக்கு. இப்ப தெம்பா இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆளை வீட்டை போக விட்டிடாதேங்கோ. பேந்து கொண்டு வந்தா எங்களாலயும் ஏலாமப் போகும்" என்றார். என் கணவர் கடலில் இருந்தார். செய்தி எட்டி அவர் வந்து சேர மதியம் தாண்டும். மாமி எழும்பிப் போனால் போனதுதான். எங்கள் வயலில் கடித்த பாம்பு, என் கண்முன்னால் போகவிட்ட உயிர் என்று ஆகிவிட்டால் நான் என் கணவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பயம் எனக்குள் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றும் அப்படியே வந்தது.

"மாமி, நேற்று உங்களுக்கு ஏத்தின மருந்து ஆற்ற காசெண்டு நினைக்கிறியள்?"

"அரசாங்கத்தின்ர. நிவாரணம் மாதிரித் தாறாங்கள்."

"அரசாங்கத்துக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சனி."

"போன மாசம் சீனி வாங்கினியளோ?"

"வாங்காமல்? உப்புப் போட்டோ தேத்தண்ணி குடிக்கிறது?"

"அந்தச் சீனியில வரி கிடக்கு. பருப்பில கிடக்கு. ரின்மீனில கிடக்கு."

"சீ, கடற்கரையில இருந்துகொண்டு ரின்னில அடைச்ச மீனை நான் வாங்கிறேல்லை" என்றார் மாமி. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் சிரித்துவிட்டார்.

"சரி, ரின்மீனை விடுங்கோ. சவர்க்காரம்? பிரான்ஸில இருக்கிற மகனோட கதைக்கப் போனுக்கு ரீலோட் போடுறியள்தானே, அது? கருவாடு ஏத்துற லொறிக்கு அடிக்கிற டீசல்? எல்லாத்திலயும் உங்களிட்ட எடுத்துப்போட்டுத்தான் மிச்சத்தைத் தாறாங்கள்."

"சொல்லாமல் கொள்ளாமலோ எடுக்கிறாங்கள்?"

"சட்டப்படிதான் மாமி. நீங்கள் முதல் முதலாக் கடைக்குப் போன நாளிலயிருந்து."

நான் வர்த்தகப் பாட ஆசிரியை. நேர் வரி, பொருளின் விலைக்குள் ஒளிந்து வரும் நேரில் வரி என்று கரும்பலகையில் எழுதி எத்தனையோ வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்தப் பாடம் ஓர் உயிரைக் கட்டிலில் பிடித்து வைக்கக் கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மாமி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார். பிறகு, எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, "அப்ப நான் நெடுகக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறன்" என்றார். முகாமில் நின்ற காலத்துக்கும் சேர்த்து ஏதோ ஒன்று அந்த முகத்தில் இளகியது. கையில் இருந்த செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். காலை மெல்லத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்தார். "அந்த நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடு பிள்ளை" என்றார். "எனக்கு ஒரு தலகணியும் வைக்கேல்லை."

மாமியின் சிறுநீரகம் சில கிழமை சண்டித்தனம் பண்ணியது. மெசினில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டி வந்தது. அதற்கும் பில் வரவில்லை, மாமியும் கேட்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தேறினார். அந்தக் கட்டிலோரத்தில்தான் நாங்கள் இருவரும் மாமியும் மருமகளுமாக ஆனோம். தலை வாரிவிட, கஞ்சி பருக்க, காலைத் துடைத்துவிட என்னை விட்டார். கிளினிக் நாட்களில் நான்தான் கூட்டிப் போவேன். வரிசையைக் கண்டால் முகத்தைத் திருப்பிய மனுசி, இப்போது தன் சொந்தக் கடையில் நிற்பது போல நிற்பார். ஆரோ திருகாமல் விட்ட பைப்பைத் திருகுவார், ஆளில்லாத இடத்தில் சுற்றும் ஃபேனை நிறுத்துவார். சுவரோரம் துப்பப் போன ஒருவனை, "தம்பி, உது என்ர சீனிக் காசில கட்டின சுவர்" என்று தடுத்தார். அந்த மனிதன் பயந்துபோய் வெற்றிலையை விழுங்கிவிட்டான். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

எல்லாம் நல்லபடியே நடந்தது என்று சொல்லவில்லை. நாடே தட்டுப்பாட்டில் கிடந்த காலத்தில், இந்த மருந்து இல்லை, வெளியே வாங்குங்கோ என்று சொல்லத் தொடங்கினார்கள். மாமி மருந்து கொடுக்கும் கண்ணாடி ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டி, "அப்ப நான் கட்டினது எங்க போட்டுது தம்பி?" என்று அமைதியாகக் கேட்டார். மருந்து தருகிற பெடியன் என்னைப் பார்த்தான். நான் மாமியைப் பார்த்தேன். யோசித்துப் பார்த்தால், மாமி கட்டியது அவர் வசதிக்குக் கூடிப்போனது. மாளிகை கட்டி வாழ்கிறவரும் கருவாடு காயப்போடுகிறவரும் ஒரு கிலோ சீனிக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். நிறையச் சம்பாதிப்பவர் தன் வருமானத்துக்கு ஏற்ப நேரே கட்டவேண்டியதை ஒளிக்கும்போது, அந்தப் பாரம் சீனியிலும் சவர்க்காரத்திலும் வந்து இறங்குகிறது. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டுமென்றால் பெரிய கையால் பெரிதாகவும் சின்னக் கையால் சின்னதாகவும் கொடுக்க வேண்டும். என் சம்பளத்தில் வரி வெட்டத் தொடங்கியபோது ஆசிரியர் அறையில் எல்லோரோடும் சேர்ந்து நானும் புறுபுறுத்தேன். ஆனால் அது வெட்டப்படக் கூடாது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிரான்ஸில் இருக்கிற மாமியின் இளைய மகன் ஒருநாள் ஃபோனில் வேறு கதை சொன்னார். வசதி உள்ளவர்களிடம் ஆஸ்பத்திரியிலேயே காசை வாங்கினால் என்ன, மருந்துத் தட்டுப்பாடு தீருமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமி ஃபோனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "மோனே, கடியோட என்னைக் கொண்டு போகேக்க என்ர முரசால ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் வாசலில ஒருத்தன் நிண்டு, நீ இருக்கிறவளோ இல்லாதவளோ எண்டு கேட்டிருந்தா நான் என்னத்தைச் சொல்லுறது? சுகமா இருக்கேக்க எடுங்கோ. எவ்வளவெண்டாலும் எடுங்கோ. வருத்தத்தில கிடக்கேக்க கேளாதேங்கோ." இதைவிடத் தெளிவாக அந்தப் பாடத்தை நான் இன்றுவரை படிப்பிக்கவில்லை.

அந்த மகன் லீவில் வந்தபோது அவரைக் கூட்டிவர நானும் மாமியும் வானில் தெற்கே உள்ள விமானநிலையத்துக்குப் போனோம். ஓமந்தை தாண்டும்போது மாமி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒருகாலத்தில் ராணுவச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி நின்ற இடம் அது. இப்போது வான் நிற்காமலே போனது. திடீரென்று, "பிள்ளை, அந்தப் பாம்பு ஊசிக்கு என்ர காசு மட்டும் காணுமோ?" என்று கேட்டார்.

"காணாது மாமி. நீங்கள் ஆயுசுக்கும் சீனி வாங்கினாலும் காணாது."

"அப்ப மிச்சம் ஆற்ற காசு?"

"எல்லாற்றையும்தான். மலையில தேயிலைக் கொழுந்தெடுக்கிறவை, மட்டக்களப்பில விதைக்கிறவை, தெற்கே காலிப் பக்கம் மீன் பிடிக்கிறவை."

"சிங்கள ஆக்களின்ரையுமோ?"

"அவையின்ரதான் கனக்க இருக்கும் மாமி. அவைதானே கனபேர்."

மாமி மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் சொன்னேன் என்றுகூட எனக்கு இருந்தது. பிறகு சொன்னார்: "மாமா போன கணக்கு வேற, பிள்ளை. அது அப்பிடியே கிடக்கும். அதை நான் ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கேலாது."

"ஓம் மாமி."

"இது வேற" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அவையளுக்குத் தெரியுமோ, தங்கட காசில நான் எழும்பினது?" என்று கேட்டார்.

"தெரியாது மாமி."

"எனக்குந்தான் தெரியாது, என்ர காசில ஆர் எழும்பினதெண்டு."

மாமி இப்போது இல்லை. பாம்புக்குத் தப்பி அவர் வாழ்ந்த அந்த வருசங்களில் என் இரண்டாவது பிள்ளையையும் மடியில் வைத்து வளர்த்தார், மாதா கோயிலுக்குக் கூரை போட்டதைப் பார்த்தார், எனக்கு மீன் வெட்டப் பழக்கிவிட்டார். அவ்வளவும் முகம் தெரியாத ஆட்கள் எங்களுக்குத் தந்த காலம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நன்றியை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்திருந்தது. விமானநிலையத்துக்குப் போன அன்றைக்கு வவுனியா தாண்டி வெகுதூரம் போய், சிங்கள ஊர் ஒன்றில் தேத்தண்ணிக்கு வானை நிறுத்தினார்கள். "நன்றிக்குச் சிங்களத்தில என்ன சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டு, இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாரம் கட்டிய வயதான கடைக்காரர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். மாமி கதிரையை விட்டு எழும்பினார். பாம்பு கடித்த காலை ஊன்றி நின்று, இரண்டு கையையும் கூப்பி, அவர் முகத்தை நேரே பார்த்து, "ஸ்துதியி" என்றார். அந்த மனிதர் திகைத்துப்போய்த் தானும் கையைக் கூப்பினார். தேத்தண்ணிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்.