புறங்கை வைத்துப் பார்த்தவர்

திருவனந்தபுரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு ஏசி பழுது பார்க்க வந்த நாகர்கோவில்காரர் அவர். சட்டைப்பையில் டெஸ்டர். விரல்நுனிகள் காய்த்துப் போயிருந்ததால் எதையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். சுவரில் ஒளிர்ந்த வெப்பநிலை எண்ணை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

நான் இரண்டு வகைக் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் கலந்து, செல்லின் சவ்வைப் போன்ற நுண்குமிழிகளைச் செய்துகொண்டிருந்தேன். குளிர்ந்தால் அந்தக் கலவை பிரிந்து, ஒளிரும் குமிழியின்மேல் கரும்பொட்டுகள் தெரிய வேண்டும். மூன்று வாரமாக ஒரு பொட்டுகூட இல்லை. அறை சரியாகக் குளிரவில்லை என்று ஏசியின்மேல் பழி போட்டிருந்தேன்.

ஏசியைத் தொட்டுப் பார்த்தவர், நுண்ணோக்கியின் தட்டிலும் புறங்கையை வைத்தார்.

"மேடம், ரூமு நல்லா தணுத்துதான் கெடக்கு. இதுல்லா சுடுது!"

எனக்கு முன்னால் அதே நுண்ணோக்கியில் உயிருள்ள செல்களைப் பார்ப்பவர், அவற்றுக்காகப் போட்ட தட்டின் சூடேற்றியை அணைக்காமலே போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை! அணைத்தேன். சில நிமிடங்களில் ஒரு குமிழியில் பொட்டுகள் முளைத்தன. கத்திவிட்டேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"அய்யோ, ரெண்டு பொட்டு முட்டி ஒண்ணாயிட்டு! சேந்து கெடந்தது தணுத்தா எதுக்கு மேடம் பிரியுது? பிரிஞ்சது எதுக்குப் பின்னயும் சேருது?"

"சொல்றேன், சொல்றேன்" என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பியபோது அவர் இல்லை. மேஜையில் ஒரு சீட்டு இருந்தது: "ஏசிக்குக் கேடு இல்லை."

அதை என் முதல் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். கேடு எதில் என்று அவர் எழுதவில்லை.