கிழக்கே பொங்கிய பால்

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும் என்பது முதலாளியம்மாவின் ஆணை. தாம்பரத்தில் ஒரு மாடி முழுக்க அவருக்கு அலுவலகம் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஜோசியர் குறித்த கடைசி முகூர்த்தம் ஞாயிறு காலை. அதே காலையில்தான் பொழிச்சலூர் மாதா கோயிலில் என் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. கிரகங்களுக்கு எங்கள் பங்குச் சாமியாரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை போலும்.

அவள் அப்பா துபாயில். உடன் நிற்க நான் ஒருத்திதான். "வந்துருவியா?" என்று கேட்டாள். "வராம எங்கடி போவேன்?" என்றேன். கான்ட்ராக்டர்கள் என்னிடம் சொல்லும் அதே குரலில் சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புகள் வரவில்லை. ஏசிக்குக் குழாய் மட்டும்தான் இருந்தது. ஆனால் பால் காய்ச்ச ஒரு மேடை போதுமே! காபி போடும் அறையை மட்டும் முடித்து, மீதி அலங்கோலத்தை வாழைமரம் கட்டி மறைத்தோம்.

ஞாயிறன்று முதலாளியம்மா வந்ததும் புது நிபந்தனை போட்டார். பால் கிழக்கேதான் வழிய வேண்டுமாம், இல்லாவிட்டால் மறுபடி காய்ச்ச வேண்டுமாம். எனக்குக் காதில் பொழிச்சலூர்ப் பூசை மணி அடித்தது.

"அண்ணா, ஒரு டைல்ஸ் துண்டு குடுங்க. அடுப்புக்கு அடியில சொருகணும்" என்று மேஸ்திரியிடம் கிசுகிசுத்தேன்.

"இன்னாக்கா நீ! மட்டம் சரியில்லன்னு மூணு தபா பிரிக்க வெச்ச மேடை. இப்ப கரெக்டா கீது, சாய்க்கச் சொல்றியே!"

சொருகினோம். பால் சொல்லிவைத்தாற்போல் கிழக்கே ஓடியது. முதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்தேன்.

"உக்காருங்க மேடம், பால் குடிங்க. இனிமே என்ன அவசரம்? பழைய ஆபீஸை ஆவணியிலதான் காலி பண்றோம். மீதி வேலையை நிதானமா முடிங்க" என்றார்.

ஒரு மாதமாக ஊரையே விரட்டியதெல்லாம் இதற்குத்தான்! பாலை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோயிலுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், பின்னால் அவரவர் அம்மா. என் மகளுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் பக்கத்து வீட்டு அக்கா. என்னைக் கண்டதும் சிரித்தபடி விலகிக்கொண்டார்.

"அக்காவை யாருடி நிக்கச் சொன்னது?" என்று மகளின் காதருகில் கேட்டேன்.

"நான்தான். நேத்தே சொல்லி வெச்சுட்டேன்" என்றாள், திரும்பாமலே. "வரேன்னு சொன்ன ஆள் வரலைன்னா இன்னொரு ஆள் ரெடியா இருக்கணும்னு நீதானே ஃபோன்ல கத்துவ?"