அம்மாவின் பெயர் இல்லாத அட்டை

"இன்னா கன்னியப்பா, பொட்டப் புள்ள எஸ்.எஸ்.எல்.சி. படிச்சி இன்னா கிழிக்கப் போவுது?" என்று என் அப்பாவிடம் கேட்டவர், அவர் வேலை செய்யும் கிண்டி தொழிற்சாலையின் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

சென்ற மாதம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல். அப்பாவின் தொழிலாளர் இன்சூரன்ஸ் அட்டையோடு அடையாறில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச வைத்தியம் பார்க்கும் மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த ஊழியர் அட்டையைப் பிரித்தார். "இதுல சம்சாரம்னு யாருமே இல்லியே. இந்தம்மா யாரு?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா தாலியை எடுத்துக் காட்டினாள். மருந்து கிடைக்கவில்லை. ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் அவளைக் காப்பாற்றினோம்.

அப்பாவோடு வேலை செய்பவர்களை விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேலையில் சேரும்போது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அந்தக் குமாஸ்தா வெறும் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொள்வாராம். பெயர்களை விசாரிக்கச் சோம்பல்பட்டு, எல்லாருக்கும் 'குடும்பம் இல்லை' என்று பிறகு எழுதிவிடுவாராம்.

"ஆபீசு ஆளு தப்பா எழுதுவாரா கண்ணு?" என்றார் அப்பா, நான் சொன்னதை நம்ப முடியாமல்.

என்மேலும் எனக்கு ஆத்திரம்தான். இரண்டு வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்த அட்டையை, படித்தவள் நான் பிரித்தே பார்க்கவில்லை.

இப்போது நான் வாசித்துக் காட்டாத காகிதத்தில் அப்பா விரல் வைப்பதில்லை. போன சனிக்கிழமை, அவரோடு வேலை செய்பவர்களில் இப்படிப் பெயர் விடுபட்ட ஒன்பது பேருக்கும், மனைவி மக்கள் பெயர் கேட்டுப் புதுப் படிவம் நிரப்பினேன். குமாஸ்தா வாங்க மறுத்தார். திங்கட்கிழமை, அப்பாவுடையதையும் சேர்த்துப் பத்துப் படிவங்களோடு, அவர்மேல் ஒரு புகாரையும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நானே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன்.