ஆக்கிக் கொடுத்த மருந்து

"கையில மருந்து குடுக்க ஏலாது. ஊசிய இஞ்சயே போட்டு அனுப்பும்."

சிரம்பானிலிருந்து வாரம் ஒருமுறை வரும் டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் பதுங்கிச் சண்டை போட்ட அவசரகாலத்தில் பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, டாக்டர் சொன்ன ஊசியைப் போடுவது எல்லாம் என் வேலை.

மாரிமுத்து என்ற பால்மரத் தொழிலாளிக்குத் தாடையில் புற்று. மாலையில் நான் போடும் மார்ஃபின் ஊசி நடுச்சாமத்துக்குள் விட்டுவிடும். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஊரடங்கில் கேட்டைப் பூட்டிவிட்டால் வெளியே இருக்கும் மருந்தகத்துக்கு யாரும் வர முடியாது. விடியும்வரை மனிதர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இராத்திரிக்கு ஒரு வேளை மருந்து வீட்டில் இருந்தால் போதும் என்பதுதான் அவர் மனைவி காளியம்மா கேட்டது.

எனக்கு அதுதான் விளங்கவில்லை. வேறு எந்த மருந்துக்கும் கணக்குப் பார்க்காத டாக்டர் இதற்கு மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறார்? காரில் ஏறப் போனவரிடம், "எதுக்குங்கய்யா பயப்படுறீங்க?" என்று கேட்டேவிட்டேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

அவர் கோபப்படவில்லை. "காட்டுக்குள்ள துவக்கோட இருக்கிறவைக்கும் நோகும்தானே. இந்த மருந்து அங்க போச்சுதெண்டா ஆரைப் பிடிப்பினம்? உம்மையும் என்னையும்."

பக்கத்தில் நின்ற காளியம்மா விடவில்லை. "அரிசி காட்டுக்குப் போயிடும்னுதானே பொதுச் சமையல்கட்டுல சோறா ஆக்கிக் குடுக்கிறாங்க? மறுநாளு புளிச்சிடும், யாருக்கும் ஆவாது. மருந்தையும் அப்படி ஆக்கிக் குடுங்க லா!"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"கஞ்சி குடிப்பாரோ?"

"அது மட்டுந்தாங்க எறங்குது."

தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பி வந்தார். அளவை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து கேட் பூட்டுமுன் காவல்காரர் கண்ணெதிரே மங்குக் கிண்ணத்துக் கஞ்சியில் மருந்தைக் கலந்து, நடுச்சாமத்தில் கொடுக்கக் காளியம்மாவிடம் தருவேன். முதல் நாள் அந்த மலாய்க்காரர் விரலைவிட்டு நக்கிப் பார்த்தார். கசப்பில் முகம் கோணித் துப்பினார். அதற்குப் பிறகு சோதிக்கவே இல்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, டாக்டர் ஒரு மருந்தை மறுத்தால் எதற்குப் பயப்படுகிறார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நோயாளியின் வீட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்.

முதல் கஞ்சி கொடுத்த மறுநாள் காலை காளியம்மா காலி மங்கோடு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஏம்மா, அவரு தூங்கலையா?"

"நல்லாத் தூங்கினாருங்கய்யா. கொறட்ட விட்டாரு. நாந்தான் தூங்கல. அந்தக் கொறட்ட நின்னுடப் போவுதேன்னு விடிய விடியக் கேட்டுக்கிட்டே கெடந்தேன்."