பூட்டிய வீட்டில் சுற்றிய ஃபேன்

வைகாசியில் வரதருக்குத் தேர் என்றால் ஊருக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம். தேர் போகிற வீதியில் குறுக்கே ஒரு கம்பி தொங்கக்கூடாது. விடியும் முன்னே கரண்டை நிறுத்தி, கம்பிகளை அவிழ்த்து ஓரம் கட்டுவோம். கரண்டுதான் இல்லையே என்று, வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ரிப்பேரையும் அன்றைக்கே எங்கள் தலையில் கட்டுவார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கரண்டு ஆபீஸில் நான் லைன்மேன், என் தங்கச்சி புருஷன் எனக்கு ஹெல்பர். வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அவன் தலைக்கு ஒன்று என்றால் உன்னைத்தான் கேட்பேன் என்று தங்கச்சி அடிக்கடி மிரட்டுவாள்.

கிளம்பும் முன் ரப்பர் கையுறையைச் சோதிப்பேன். வாய்ப்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்தால் உள்ளே மாட்டிய காற்றில் ஐந்து விரலும் விறைத்து நிற்கும். எங்காவது கசிகிறதா என்று கன்னத்தோரம் வைத்துப் பார்ப்பேன். ஆளில்லாத கை முகத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"இன்னா மச்சான், முத்தம் வாங்கிக்கினு இருக்கியா?" என்று சிரித்தான் மாப்பிள்ளை.

"வாய மூடிக்கினு மாட்டு மாப்ள."

பக்கத்துத் தெருவில் ஒரு கம்பத்தின் உச்சியில் இணைப்பு தளர்ந்திருந்தது. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தோம், எரியவில்லை; கம்பியில் கரண்டு இல்லை. கம்பியைத் தரையோடு சேர்த்துக் கட்டி, தப்பித்தவறி வருகிற கரண்டை மண்ணில் இறக்குகிற எர்த் சங்கிலி எங்களிடம் ஒன்றே ஒன்று, அதுவும் தேர் வீதியில் இருந்தது. ஆளனுப்பியிருக்கிறேன், வரட்டும் என்றேன். அவனுக்குப் பொறுமை ஏது? விறுவிறுவென்று ஏறிவிட்டான்.

நெசவுக்காரர் தெரு. எல்லோரும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். ஒரு தறிச் சத்தம் இல்லை, ஒரு நாய் இல்லை. தூரத்தில் மேளம் மட்டும் கேட்டது. பட்டப்பகல்தான், ஆனாலும் நான் ஏனோ திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

எதிரே ஒரு பட்டு வியாபாரி வீடு. கதவில் பூட்டு, ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ரொம்ப மெதுவாக. காற்றில் ஆடுகிறதோ என்றால், கொடியில் கிடந்த துண்டு அசையவில்லை. சுவரில் பல்பின் இழை மட்டும் சிவந்து கிடந்தது. ஊரிலேயே கரண்டு இல்லை, வீட்டில் ஆள் இல்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். நானே ஜன்னலை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. சுவிட்சை அணைக்காமல் போயிருக்கிறார்கள். செத்த கம்பிக்கு எங்கிருந்தோ உயிர் வந்திருக்கிறது.

திரும்பினேன். நட்டு சின்னது, ரப்பர் விரலுக்குப் பிடிபடாது என்று மாப்பிள்ளை கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். வெறுங்கை கம்பிக்கு நீண்டுகொண்டிருந்தது.

"தொடாதே!"

"சும்மா இரு மச்சான், எப்பப் பாரு," என்று சிரித்தான்.

"உன் புள்ள மேல ஆணை, கைய எடு!"

அது என் குரல் மாதிரியே இல்லை. கை நின்றது. டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தான். மங்கலாக எரிந்தது. இறங்கி வந்தவன் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

எவனோ ஜெனரேட்டர் ஓட்டுகிறான், அதுதான் வீட்டு ஒயர் வழியாகக் கம்பிக்கு ஏறுகிறது. கிடைத்தான் என்றால் தோலை உரிப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடிப் போனேன். மாப்பிள்ளையும் பின்னால் வந்தான். தேர் வீதிப் பக்கம் போகப் போகக் கேட்ட எஞ்சின் சத்தம் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது தங்கச்சி வீட்டு வாசலில்.

அங்கே தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். மைக்செட்டுக்கு வாடகை ஜெனரேட்டர். அதிலிருந்து ஒரு ஒயர் வீட்டுக்குள் போனது.

"பாருண்ணா!" என்று தங்கச்சி ஓடி வந்தாள். "ஊருக்கே கரண்டு இல்ல, நம்ம வூட்ல மட்டும் சாமி விளக்கு எரியுது! மைக்செட்காரர்கிட்ட கெஞ்சிக் கேட்டு ப்ளக்ல குத்தச் சொன்னேன். வரதர் வர்றப்ப வூடு இருட்டா இருந்தா எம் வூட்டுக்காரருக்கு ஆகாதேன்னுதான்."

ஒயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது.

"சாமி வர்ற நேரத்துல ஏண்ணா?" அவள் முகம் வாடிப்போனது.

திட்ட வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"ஒயரு சூடாயிடுச்சும்மா," என்றேன்.

அவள் அவனுக்கு மோர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளர் தளும்பிச் சட்டையெல்லாம் மோர்.

"இன்னாயா, கை இப்படி நடுங்குது?"

"பசி," என்றான்.

அவள் அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோரைக் குடிக்க வைத்தாள்.