வலது எர்வினுக்கு, இடது போஜெனாவுக்கு

ஸாப்ஷே ஊரில் இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டியவள் த்ரூதா. குறுக்கே வந்த லாரிக்கெல்லாம் அசராதவள், போஜெனா என்ற பெயரைக் கேட்டால் மட்டும் வயிறெரிந்தாள். எரியாதா பின்னே? சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போன அவள் புருஷன் எர்வினுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மாற்று நுரையீரல் வைத்தார்கள். இறந்துபோன ஒரே ஆளுடைய வலது நுரையீரல் அவனுக்கு, இடது அதே ஆஸ்பத்திரியில் காத்திருந்த போஜெனாவுக்கு. இதை ஒரு நர்ஸ் உளறிவைக்க, அன்றோடு த்ரூதாவின் நிம்மதி போயிற்று.

காலையில் எழுந்ததும் எர்வின் மூச்சின் பலத்தை அளக்கும் கருவியில் ஊதுவான். அளவைப் பார்த்த கையோடு முதல் போன் போஜெனாவின் சலூனுக்குத்தான். உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று அரைமணி நேரம் போகும். முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு மிஞ்சியது அவன் ஊதிய எச்சில் குழாயைக் கழுவும் வேலை. அது என்ன அப்படியொரு உறவு என்று கேட்டால், "ஒரே நெஞ்சைப் பங்கு போட்டவங்க நாங்க" என்று சிரிப்பான். த்ரூதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பையில் மூச்சை ஊதித் தர வேண்டும். உடம்பு அந்நிய நுரையீரலை ஒதுக்கத் தொடங்கினால், இரைப்பு வருவதற்கு முன்பே மூச்சின் வாடையை வைத்து இயந்திரம் கண்டுபிடித்துவிடுமாம். இருவரும் ஊதிக் கொடுத்தார்கள். புதன்கிழமை முடிவு கேட்கப் போய்வந்த எர்வின், தனக்கு ஒன்றுமில்லை, போஜெனாவுக்குத்தான் வாடை மாறியிருக்கிறது என்றான்.

த்ரூதாவுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சீ, இப்படியும் ஒரு மனசா என்று தோன்றாமலில்லை. தோன்றியும் சந்தோஷம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கான இறைச்சிச் சுருளையும் உருளைக்கிழங்கு உருண்டையையும் அன்றைக்கே செய்து அவனுக்குப் பரிமாறினாள். பிறகு முன்னறைக்குப் போய், முதன்முறையாகப் போஜெனாவுக்குப் போன் போட்டாள். ஆறுதல் சொல்லத்தான். அவள் குரல் உடைவதைக் காதாரக் கேட்கவும்தான்.

"கேள்விப்பட்டேன் போஜெனா. மனசைத் தளர விட்டுடாத."



"எனக்கு ஒண்ணும் இல்ல, த்ரூதா. அவனுக்குத்தான். உன்கிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள் போஜெனா.

த்ரூதா போனை வைத்தாள். முதலில் வந்தது பயம்கூட இல்லை. போஜெனாவிடம் முதலில் சொல்லியிருக்கிறானே என்ற ஆத்திரம்தான். பயம் அதற்கப்புறம் வந்தது. இந்தச் செய்திக்கா இவ்வளவு சந்தோஷமாக விருந்து சமைத்தோம் என்று நினைத்தாள். சமையலறையிலிருந்து எர்வின், உருண்டை அருமை, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டான். த்ரூதா போய், பானையில் மிச்சமிருந்த உருண்டைகள் எல்லாவற்றையும் அவன் தட்டில் வைத்தாள்.